தடிப்பைக் குறைத்தபோது

அடுத்த மாதத்திலிருந்து இந்த ஆய்வுகூடத்தின் சாவி உங்கள் இருவரிடமும் இருக்கும். வேலையை எப்படிச் செய்வது என்பதெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. எந்த இயந்திரம் மழைநாளில் அடம்பிடிக்கும், எந்த வழங்குநர் ‘நாளைக்கு’ என்று சொன்னால் அது வெள்ளிக்கிழமையைக் குறிக்கும், எந்த வாசனைப் போத்தலைத் திறந்தால் மூன்று நாளைக்குத் தலைமுடியில் வாழைப்பழம் மணக்கும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். நான் பட்டியல் போடுகிறவள் என்பது இந்தக் கொட்டாஞ்சேனை முழுவதற்கும் தெரியும். ஆனால் ஒரு விசயம் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு டின்னும் வெளியே போகாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கையெழுத்தை எப்போது போடாமல் இருப்பது என்பதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதற்காகத்தான் இது.

நாம் செய்வது ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கிற மா. பால்மா, சோயாப் புரதம், விற்றமின், இனிப்பு, வாசனை எல்லாம் சேர்ந்தாலும் கரைத்த பிறகு தண்ணீர்ப் பால் மாதிரித்தான் இருக்கும். குடித்தவருக்குச் சாப்பிட்ட எண்ணம் வராது. அந்த எண்ணத்தைக் கொடுப்பது ஒரு சிட்டிகை கம், தடிப்பாக்கும் பிசின் தூள். நாம் போடுவது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம். அதன் குணம் அவசரப்படாத குணம். தண்ணீரில் விழுந்த உடனே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். நாங்கள் ருசி பார்த்து, தலையாட்டி, கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் மெதுவாகத் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்கும்.

நான் சேர்ந்த முதல் வருடங்களில் அந்த ஊதலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஒரு நாள் பின்னேரம் புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். மற்றக் கையில் ஒரு பிளாஸ்க். வரவேற்பு மேசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவர் பிளாஸ்கின் மூடியைத் திறந்தார். மேசையிலிருந்த வருகைப் புத்தகத்துக்கு நேர் மேலே அதைக் கவிழ்த்துப் பிடித்தார். ஒன்றும் விழவில்லை. ஒரு முறை குலுக்கினார். அப்போதும் விழவில்லை.

“பிள்ளை, இது குடிக்கிற சாமானோ, வெட்டித் தின்னுற சாமானோ?”

எப்போது கரைத்தது என்று கேட்டேன். காலை ஆறு மணிக்கு மனைவி கரைத்துக் கொடுத்தாராம், சுடுபாலில். எத்தனை கரண்டி என்று கேட்டேன். டின்னில் நான்கு என்று போட்டிருக்கிறது, ஆனால் நான்கு போட்டால் சத்துக் காணாது என்று மனைவி ஆறு போடுவாராம். டின்னுக்குள் இருந்த அளவுக் கரண்டியைப் பேரன் மண் விளையாடக் கொண்டுபோய்விட்டான். ஆகவே அது குசினிக் கரண்டி, அதுவும் குவித்து அள்ளிய கரண்டி. வழக்கெல்லாம் முடிந்து அவர் வெளியே வரும்போது பிற்பகல் ஒரு மணி. பசியோடு பிளாஸ்கைத் திறந்து கவிழ்த்திருக்கிறார். அன்று அவருக்கு எதிராக வாதாடிய சட்டத்தரணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? ‘வழக்கைத் தள்ளிப்போட்ட மாதிரி இதுக்கும் தவணை கேக்கப் போறியளோ’ எண்டார்.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் நிற்பதும் இந்த வேலையில் அடக்கம். அவர் படியிறங்கிய பிறகு களஞ்சிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் விளங்கியது, அவருடைய மனைவி ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை. நம்முடைய வீடுகளில் மா கரைக்கிற முறையே அதுதான். முதலில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குழைப்போம், பிறகு மிச்சத்தை ஊற்றுவோம், கரண்டியைத் தட்டையாக வழித்து அளந்தால் கஞ்சத்தனம் என்போம், பிறகு பிளாஸ்கில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவோம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடக்கிறது. ஆய்வுகூடத்தில் நாங்கள் குளிர்ந்த தண்ணீர் எடுத்தோம், வழித்த கரண்டி போட்டோம், குலுக்கும் போத்தலில் குலுக்கினோம், இரண்டு நிமிடத்தில் ருசி பார்த்தோம். இப்படிக் குடிக்கிற ஒரு மனிதரை நான் கொழும்பில் இன்று வரைக்கும் சந்திக்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். உங்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் பேரீச்சம்பழமும் முந்திரிப்பருப்பும் இறக்குமதி செய்தது. இந்த மாத் தொழிலை அவர்தான் தொடங்கினார். சட்டத்தரணியின் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு உடனே மாற்றச் சொன்னார். குவாரைக் குறைத்து, ஏற்கெனவே கலவையில் இருந்த, ஊதித் தடிக்காத மால்டோடெக்ஸ்ட்ரின் தூளைக் கொஞ்சம் கூட்டினோம். சுடுபாலில் குவித்த ஆறு கரண்டி போட்டு, பிளாஸ்கில் பகல் முழுக்க வைத்துப் பார்த்தோம். பின்னேரம் கவிழ்த்ததும் கடகடவென்று கொட்டியது. விற்பனைப் பிரிவில் கைதட்டினார்கள். சேர்மானங்களின் பெயரில் ஒன்றும் மாறவில்லை, அளவுதான் மாறியது. ஆகவே டின்னில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பழைய டின், பழைய படம், உள்ளே புதிய மா. எந்த முறை கலந்த மா என்று காட்ட டின்னின் அடியில் அடிக்கும் தொகுதி எழுத்து மட்டும் வேறு.

முதல் தொகுதி லொறியில் ஏறுவதற்கு முந்திய சனிக்கிழமை, வெள்ளவத்தையில் காலி வீதியில் இருக்கும் ஒரு பாமசியின் வாசலில் மேசை போட்டு, வந்துபோகிறவர்களுக்குச் சின்னக் கோப்பையில் புதிய மாவைக் கரைத்துக் கொடுத்தோம். விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நான் சும்மா முகங்களைப் பார்க்கப் போனேன். முகங்கள் நன்றாகத்தான் இருந்தன. “இப்ப நல்லா இறங்குது” என்றார்கள். முன்பு குடித்துப் பாதியில் விட்ட ஒருவர், புதியது கடைக்கு வந்ததும் தனக்கு இரண்டு டின் என்று சொல்லிவைத்தார்.

பதினொரு மணியளவில் ஒரு அக்கா வந்தார். நாற்பதுகளில் இருப்பார். ஒரு கையில் மரக்கறிப் பை. கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை எடுத்தார். கடைக் காவலாளி இரண்டு எட்டு முன்னால் வந்தார். அக்கா அவரிடம் சிங்களத்தில், ஊசி இல்லை, பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, உங்கட போனில பத்து செக்கன் பாருங்கோ.”

சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, கோப்பையிலிருந்ததை அதற்குள் ஊற்றி, விரலை எடுத்தார். நான் நேரம் பார்த்தேன். பாதி நேரம்கூட ஆகவில்லை, சிரிஞ்ச் வெறுமையாகிவிட்டது.

“இது வேற சாமான்,” என்றார்.

அதே மாதான், கொஞ்சம் இலகுவாகக் குடிக்கிற மாதிரி மாற்றியிருக்கிறோம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. கரைத்து எவ்வளவு நேரம் என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். அப்படியென்றால் அரை மணித்தியாலம் வைத்திருங்கள், நான் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போய்விட்டார். விற்பனைப் பெண் என் காதுக்குள், இவ எந்தக் கம்பனிக்கு வேலை செய்யிறா மிஸ் என்று கேட்டாள். போட்டிக் கம்பனி ஆள் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அக்கா சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தார். இரண்டாம் முறையும் ஊற்றினார். இரண்டாம் முறையும் ஓடிவிட்டது. சிரிஞ்சைத் துடைத்து வைத்தார். பிறகுதான் சொன்னார்.

அவருடைய அப்பாவுக்கு முந்திய வருடம் பாரிசவாதம் வந்திருந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, ஆனால் விழுங்குவது சரியாகத் திரும்பவில்லை. தண்ணீர் மாதிரி ஓடுகிற எதையும் குடித்தால் அது பாதை மாறி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. ஒரு முறை அப்படிப் போய், நெஞ்சில் கிருமி பிடித்து, மூச்சுக்குத் தவித்து, பல நாள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். தேன் மாதிரி மெதுவாக இறங்குகிறதை மட்டும் கொடுங்கள் என்று களுபோவிலை வைத்தியசாலைக் கிளினிக்கில் பார்க்கும் பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தார். அதற்கென்று விற்கும் தடிப்பாக்கும் தூள் சில மாதங்களில் கிடைக்கும், சில மாதங்களில் எந்தப் பாமசியிலும் இருக்காது. இல்லாத ஒரு மாதத்தில் அக்கா நம்முடைய மாவைக் கரைத்து, பிளாஸ்கில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். சிகிச்சையாளர் சிரிஞ்சில் ஊற்றி, பத்து செக்கனில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, இது போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்றாராம். அன்றிலிருந்து சிரிஞ்ச் கைப்பையில்.

“சோறு குழைச்சு நாங்கள் வாயில தீத்திறம். அதை ஒரு சாப்பாடு எண்டு அவர் நினைக்கிறேல்லை. தானே கையில பிடிச்சுக் குடிக்கிறது உது ஒண்டுதான்.”

அரை மணித்தியாலத்தில் அவ்வளவு தடித்தது எந்தப் புண்ணியத்தால் என்று எனக்குத் தெரியும். சட்டத்தரணியின் பிளாஸ்கில் மண்ணாங்கட்டியாக உட்கார்ந்த அதே குவார்தான்.

நான் அவருக்கு உண்மையைச் சொன்னேன். கடைத் தட்டில் இருப்பவை பழைய டின்கள், புதியவை திங்கட்கிழமை போகின்றன, அடியிலிருக்கும் எழுத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்று. அவர் டின்னைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நான் பாப்பன். நான் வேலைக்குப் போனாப் பிறகு அப்பாவோட நிக்கிற அன்ரி படத்தைப் பாத்துத்தானே கரைப்பா. அவவுக்கு இந்த எழுத்து என்னத்தைச் சொல்லும்?”

தட்டில் இருந்த பழைய டின்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். மீன் பையை விற்பனைப் பெண்தான் ஓட்டோ வரைக்கும் தூக்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். பட்டியல் போட்டேன். என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவுக்கு மட்டும் பழைய டின்களைத் தேடிக் கொடுப்பது முதலாவது. பழைய அளவுக்கே திரும்பிப் போவது இரண்டாவது. டின்னுக்கு மேலே மாற்றத்தைச் சொல்லும் வரைக்கும் லொறியை நிறுத்துவது மூன்றாவது.

இரண்டாவதை உடனே வெட்டினேன். சட்டத்தரணியும் நியாயமாகத்தான் கேட்டிருந்தார், குடிக்கிற பொருளைக் குடிக்கக்கூடியதாகச் செய்வதில் பிழையில்லை. முதலாவது வழிதான் என்னை நெடுநேரம் இழுத்தது. யாரோடும் சண்டை இல்லை, லொறி நேரத்துக்குப் போகும், அந்த அப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது, நானும் நல்லவள். இந்த வேலையில் உங்களுக்கு வரும் ஆபத்தான யோசனைகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும், எல்லோருக்கும் வசதியாக. அக்காவை எனக்குத் தெரிந்தது அவருடைய கைப்பையில் சிரிஞ்ச் இருந்ததால். சிரிஞ்ச் இல்லாமல் டின்னை மட்டும் நம்பிக் கரைக்கிறவர்களை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது. பிளாஸ்கைக் கவிழ்த்துக் காட்ட வந்தவர் ஒருவர். அதே தடிப்பால் நன்மையடைந்தவர்கள் அதைச் சொல்ல ஒருபோதும் படியேறி வந்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் முற்றத்தில் லொறி நின்றது. பாதி ஏற்றிவிட்டார்கள். வெளியேற்ற அனுமதியில் என் கையெழுத்து மட்டும் மிச்சம். அது ரமழான் நோன்பு மாதம். முதலாளி கண்ணாடி அறைக்குள் கொஞ்சம் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, ஸ்டிக்கர் ஒட்டாமல் அனுப்பமுடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார், அதுதான் கஷ்டம். கோபப்படுகிறவரோடு வாதாடுவது சுகம்.

“மகள், நம்ம மருந்தா விக்கிறோம்? நோயாளிக்குக் குடுங்க எண்டு எங்கயாச்சும் எழுதி ஈக்கா?”

“இல்லை சேர்.”

“பொறகு?”

புதியது என்று ஸ்டிக்கர் ஒட்டினால் கடைக்காரர்கள் பழைய டின்களைத் திருப்பி அனுப்பத் தொடங்குவார்கள் என்றார். நீர்த்துவிட்டது என்று எழுதினால் கலப்படம் என்று கதை பரவும் என்றார். நோன்பு மாதத்தில் லொறி பிந்தினால் பெருநாளுக்கு முன்னால் கடைகளுக்குப் போய்ச்சேராது என்றார். மூன்றும் உண்மை. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், உண்மையை மறுத்து ஒரு வாதத்திலும் வெல்ல முயலாதீர்கள். அனுமதித் தாளைக் கையெழுத்து இல்லாமலே அவருடைய மேசையில் வைத்தேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தனக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஒவ்வொரு நோன்புக்கும் விடியுமுன் சஹர் நேரத்தில் நம்முடைய மாவைத்தான் குடிக்கிறார், அது நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் தாங்கும். இந்த மூன்று நாளாகப் பத்து மணிக்கே வயிறு கூப்பிடுகிறது, முன்பு இப்படி இருந்ததில்லை என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு டின் அனுப்புவது யார் என்று கேட்டேன். வழக்கம்போலக் களஞ்சியத்திலிருந்து அனுப்புவார்கள், நான்கு நாளைக்கு முன்னால்தான் புது டின் வந்தது என்றார்.

“சேர், அந்த டின்னுக்கு அடியில என்ன எழுத்து எண்டு மாமியை ஒருக்கால் பாக்கச் சொல்லுங்கோ.”

அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய மனைவியான மாமி கண்ணாடியைத் தேடி, டின்னைத் தேடி, திருப்பிப் பார்த்து வாசிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தோம். வாசித்தது புதிய எழுத்து. பரீட்சார்த்தத் தொகுதியில் மிஞ்சியதைக் களஞ்சியத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

“வயசு இல்லை சேர்,” என்றேன். “மா. தடிப்புக் குறைஞ்சா வயித்தில நிக்கிற நேரமும் குறையும்.”

அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார்.

“எண்ட ஊட்டுக்கே வந்தீக்கி. எனக்கு ஏன் ஆரும் செல்லல்ல?”

“டின்னில ஒண்டும் போடேல்லைத்தானே சேர்.”

கண்ணாடிக்கு வெளியே லொறியைப் பார்த்தார். தான் செய்த மாவைத் தன்னுடைய மேசையில் மூன்று நாள் குடித்தும் அது மாறியது தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்குள் எங்கோ போய்த் தைத்துவிட்டது. அவருக்கு நட்டம் சும்மா கொஞ்சம் பசி. வெள்ளவத்தையில் ஒருவருக்கு அது மூச்சு. அதை நான் சொல்லவில்லை, சொல்லவேண்டி இருக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், ஏற்றியதை இறக்கச் சொல்லி லொறிச் சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார். சாரதி சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது.

அடுத்தது ஸ்டிக்கரில் என்ன எழுதுவது என்ற சண்டை. சந்தைப்படுத்தும் தம்பி ‘புதிய மென்மையான சுவை’ என்று எழுதிக்கொண்டு வந்தார். முதலாளி அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

“சுவை மாறல்ல, மகன். தண்ணியா மாறிப் பெய்த்திட்டு. அதை எழுதுங்க.”

அப்படியே எழுதினோம், மூன்று மொழியிலும். முன்னையதைவிட நீர்ப்பானது, விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரையோ சிகிச்சையாளரையோ கேட்காமல் பயன்படுத்தவேண்டாம், விபரத்துக்கு இந்த இலக்கம் என்று. புதுக்கடைப் பக்கம் ஒரு அச்சகம் அவசரத்துக்கு அடித்துக் கொடுத்தது. வந்தவுடன் பொதியிடும் அறையில் எல்லோரும் உட்கார்ந்து ஒட்டினோம். கணக்குப் பிரிவு வந்தது, விற்பனைப் பிரிவு முனகிக்கொண்டு வந்தது, முதலாளியும் வந்தார். அவர் ஒட்டியவை எல்லாம் சரிந்திருந்தன. அவர் பின்னேர அஸர் தொழப் போன நேரத்தில் நான் அவற்றைப் பிரித்து நேராக்கினேன். இதை அவரிடம் சொல்லவேண்டாம்.

லொறி பிந்தித்தான் போனது. சில கடைக்காரர்கள் பழைய டின்களைத் திருப்பி அனுப்பத்தான் செய்தார்கள். அவர் சொன்ன மூன்றில் இரண்டு நடந்தது. கலப்படக் கதை மட்டும் பரவவில்லை, அல்லது பரவி எங்கள் காதுக்கு வரவில்லை. ஆனால் அந்த இலக்கத்துக்கு அழைப்புகள் வந்தன. நுகேகொடையிலிருந்து ஒரு பெண், தன்னுடைய தாய்க்கு இதைத்தான் கொடுக்கிறேன், இனி என்ன செய்வது என்று சிங்களத்தில் கேட்டார். இங்கே கொட்டாஞ்சேனையிலேயே, நம்முடைய வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மனைவிக்காகக் கரைக்கிற ஒருவர் இருந்தார். முதல் சில அழைப்புகளை நான் எடுத்தேன். ஒரு நாள் முதலாளி என் மேசைக்கு வந்து, அந்தத் தொலைபேசியைத் தன்னுடைய அறைக்கு மாற்றச் சொன்னார்.

இதற்குப் பிறகு ஒரு சோதனை வந்தது, அதையும் சொல்லவேண்டும். இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றதும் சந்தைப்படுத்தும் தம்பிக்குக் கண் மின்னியது. பழைய தடிப்பு மாவை ‘நோயாளிகளுக்கான விசேட மா’ என்று விற்கலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மறுத்தேன். குவார் ஒரு விதைப் பொருள், ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு மாதிரித் தடிக்கும். ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் சட்டத்தரணிக்குப் பகிடி. விழுங்கமுடியாதவருக்கு அது பகிடி இல்லை. நம்மால் ஒவ்வொரு டின்னிலும் காப்பாற்ற முடியாத வாக்கைத் தாள் ஒட்டி விற்கக்கூடாது. கடைசியில் பழைய மா நீல மூடியோடு தனியாகத் தொடர்ந்தது. இரண்டில் எது தடிப்பு, எது நீர்ப்பு என்று மட்டும் எழுதினோம். அது மருத்துவ உற்பத்தி அல்ல என்றும் எழுதினோம். அழைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விசயத்தைச் சொன்னோம்: உங்கள் சிகிச்சையாளரிடம் ஒரு முறை கரைத்துக் காட்டுங்கள், ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளவத்தை அக்காவுக்கு நானே நீல மூடி டின்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில். அன்ரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா யன்னலோரத்துக் கதிரையில் இருந்தார், இரண்டு கையாலும் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு. அவசரமில்லாமல் ஒரு மிடறு, பிறகு கீழே போகிற ரயிலை ஒரு பார்வை, பிறகு இன்னொரு மிடறு. வாழைப்பழ வாசனையையும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வனிலா மட்டும்தான் என்று அக்கா மொழிபெயர்த்தார்.

சில மாதம் கழிந்தது. ஒரு நாள் நான் முதலாளியின் அறையில் இருந்தபோது அந்தத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, உங்களுக்குத்தான், ஆனா முறைப்பாடு இல்லையாம் என்று என்னிடம் நீட்டினார். வெள்ளவத்தை அக்கா.

“தங்கச்சி, நேற்றுக் கிளினிக்கில அப்பாவுக்குத் தண்ணி உட்பட எல்லாம் குடிக்கலாம் எண்டு விட்டிட்டினம். ரெண்டு தரம் வச்சுப் பாத்திட்டுத்தான் சொன்னவை.”

அப்பா முதலில் குடிக்க என்ன கேட்டார் என்று கேட்டேன்.

“பால் விடாத பிளேன்ரீ. சீனி கூடப் போட்டு. குடிச்சு முடிச்சுக் கோப்பையைத் திருப்பி நீட்டினார்.” மறுமுனையில் ரயில் போகிற சத்தம் கேட்டது. “உங்கட மா இனி வேண்டாம், தங்கச்சி. அதைச் சொல்லத்தான் எடுத்தனான். குறை நினையாதையுங்கோ.”

இந்த மாதிரி அழைப்பு உங்களுக்கும் எப்போதாவது வரும். வந்தால் விற்பனைப் பிரிவுக்கு மாற்றிவிடாதீர்கள். வாடிக்கையாளர் போகிறார் என்று நினைத்து அவர்கள் விலைக்கழிவு கொடுக்கப் பார்ப்பார்கள். கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீங்களே முழுவதையும் கேளுங்கள்.